வைகை வந்து தங்கும் இடத்தில் கழிவும் தங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோரப் பள்ளிகளில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது பெருநகரங்களின் கவலை என்றும், கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு என்றும் ஓர் எண்ணம் இருப்பதைக் காண்கிறேன். வைகையின் கடைமடையில் வாழும் எங்களுக்கு அது எவ்வளவு பொருந்தாத எண்ணம் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள், விடிவதற்கு முன் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியபோது, எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால்வாயை ஒட்டியுள்ள சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு லாரி விளக்கை அணைத்துவிட்டு நிற்பதைப் பார்த்தேன். செப்டிக் டேங்க் கழிவை உறிஞ்சி எடுத்துவரும் லாரி. அதன் பின்னால் செருப்புக்கூட இல்லாமல் ஓர் இளைஞர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் உறையும் இல்லை. கறுப்பாகக் கொழகொழவென்று வந்த கழிவு, காய்ந்து வெடித்திருந்த கால்வாய்த் தரையில் விழுந்து, வெடிப்புகளுக்குள் இறங்கி, பிறகு மெல்லப் பரவியது. நான் நிற்பதைக் கண்டு ஓட்டுநர் கீழே இறங்கி வந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதைக் கொட்டுறதுக்குன்னு ஒரு இடம் காட்டுங்க, நாளையிலேருந்து அங்கேயே கொட்டுறேன். பிளான்ட் இருக்கிற ஊருக்குப் போய்ட்டு வர்ற டீசலுக்கே ஒரு நடை வாடகை சரியாப் போயிரும்."

அவரிடம் சினம் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட இடத்தைக் காட்டவும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, பழக்கத்தால், ஒரு கணக்கு போட்டதுதான். நீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அந்த நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதற்கான அளவுதான் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை. சாக்கடையில் ஓடும் வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆண்டுக்கணக்கில் தொட்டியில் இறுகிக்கிடந்த கசடில் அது பல ஆயிரம் மில்லிகிராமாக உயர்ந்துவிடும். லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். 5,000 லிட்டர் பிடிக்கும் ஒரு லாரியின் கழிவு 25 கிலோ ஆக்சிஜனைக் கேட்கிறது. எங்கள் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். ஆக, அந்த ஒரு லாரி, 33 லட்சம் லிட்டர் நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிடும் வலிமை கொண்டது. ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடினால் காற்றிலிருந்து ஆக்சிஜன் மீண்டும் கரைந்து ஈடுகட்டிக்கொள்ளும். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் ஓடுவதில்லை, தங்குகிறது.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எங்களுக்கான திட்டம் எதையும் வகுக்க முடியாது. வைகை கடலில் கலப்பதில்லை என்று எங்கள் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்வார்கள். பெருவெள்ளக் காலத்தில் உபரிநீர் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில், பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து இடது, வலது பிரதான கால்வாய்கள் வழியாகவும் ஆற்றின் வழியாகவும் வரும் தண்ணீர், வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பிக்கொண்டு கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கிவிடும். கண்மாய்க்கு வந்த தண்ணீருக்கு அதற்கப்பால் போக்கிடம் கிடையாது. வயலுக்குப் போகும், மண்ணுக்குள் இறங்கும், வெயிலில் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுந்தான். அதில் கலந்து வந்தவை அனைத்தும் கண்மாயிலேயே கிடக்கும். ஒவ்வோராண்டும் அதன்மேல் இன்னொரு படிவு சேரும்.

வைகை 258 கிலோமீட்டர் நீளம் வருகிறது என்பதையும், வழியில் மதுரை என்ற மாநகரைக் கடக்கிறது என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். மதுரையில் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆயினும் அவற்றைச் சென்றடையாமல் நேரே ஆற்றில் இறங்கும் கழிவுநீர் எவ்வளவோ உண்டு என்பதை, கோடையில் பாலத்தின் மேல் நின்று பார்க்கும் எவரும் அறிவர். ஒரு காலத்தில் ஆறாக இருந்த கிருதுமால், மாநகருக்குள் கழிவுநீர்க் கால்வாயாகவே ஆகிவிட்டது. அது குண்டாற்றில் சேர, குண்டாறு எங்கள் மாவட்டத்து மூக்கையூரில் கடலைத் தொடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றில் ஆங்காங்கே தேங்கி நிற்பதையெல்லாம், மழைக்காலத்தின் முதல் வெள்ளம் வழித்தெடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. புதுத்தண்ணீர் வருகிறது என்று நாங்கள் மடைக்குப் பக்கத்தில் போய்க் காத்து நிற்போம். சிறுவயதில் அது செம்மண் கலங்கலாக வரும். நுரையில் சருகும் குச்சியும் மிதக்கும். இப்போதும் நுரை வருகிறது. சருகு மட்டும் மிதக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுடன் ஒரு சோதனை செய்தேன். 1888-இல் விங்க்ளர் என்ற வேதியியலர் வகுத்த முறை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களே போதும். ஒரு கண்ணாடிக் குப்பியில் கண்மாயின் நடுப்பகுதித் தண்ணீர், இன்னொன்றில் ஊர்ச்சாக்கடை கண்மாயில் விழும் வாய்க்கருகே எடுத்த தண்ணீர். இரண்டிலும் காற்றுக்குமிழி ஒன்றுகூட நில்லாதபடி மூடி, முதலில் மாங்கனீஸ் சல்பேட் கரைசலையும், பின்னர் காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடையும் சிறிதளவு விட்டோம். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் துகள் திரளும். இல்லையென்றால் திரள்வது வெள்ளையாகவே நின்றுவிடும். முதல் குப்பியில் நாட்டுச்சர்க்கரை நிறத்தில் திரண்டு மெதுவாகக் கீழே படிந்தது. இரண்டாவது குப்பியில் பால் திரிந்ததுபோல வெள்ளையாக நின்றது. குப்பியைக் கையில் பிடித்திருந்த மாணவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுலே மீன் இருக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுடைய தகப்பனார், கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலம் எடுப்பவர்களிடம் வலை இழுப்பவர்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துவிடும்" என்ற நம்பிக்கை அதிகாரிகளிடமும் இருக்கிறது, எங்கள் மக்களிடமும் இருக்கிறது. பாம்பன் பக்கத்தில் தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடபுறத்துப் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. கரையோரம் விட்ட எதுவும் அங்கே விரைவில் விலகிப்போகாது. கடற்புல் வளரும் இடமும் ஓரா மீனும் நண்டும் இறால் குஞ்சும் ஒதுங்கும் இடமும் அதுதான். ஆண்கடலில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளுக்காக 1986-இல் தேசியக் கடற்பூங்கா அமைத்தார்கள், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் தெளிந்த தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் உரமாகி, வேண்டாத பாசியை வளர்த்து, அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் நாற்றத்தையும் பி.ஓ.டி.யையும் குறைக்கும்; அதற்கெனத் தனி ஏற்பாடு இல்லாவிட்டால் இந்த உரச்சத்து பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். ஆகையால் "சுத்திகரித்துத்தான் கடலில் விடுகிறோம்" என்ற விடை எங்கள் கடலுக்குப் போதாது.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். அறிவியலார் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம் என்றார்கள். அது கழிவுநீரால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. காற்றும் நீரோட்டமும் வெப்பமும் சேர்ந்து நடத்தும் செயல் அது, கழிவுநீர் பெருகாத காலத்திலும் வந்திருக்கிறது. ஏற்கெனவே இவ்வளவு எளிதில் தடுமாறக்கூடிய கடலுக்கு நாம் நம் கையாலும் உரம் போட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை ஆகிய ஊர்களில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து கடலில் மூழ்கி எழுவோரின் தொகை அந்தந்த ஊர் மக்கள்தொகையைப்போல் பல மடங்கு. சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவை உள்ளூர் மக்கள்தொகையை வைத்து மட்டும் கணக்கிட்டால், மிகுதியானோர் கடலில் இறங்கும் அந்த நாளில்தான் நிலையம் பொங்கி வழியும். யாத்திரைத் தலங்களில் கணக்கு அமாவாசை நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி மண்ணுக்குக் கீழே இருப்பது. கடற்கரை மணலில் பெண்கள் இடுப்பளவு குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் கலங்காமல் கோரிக் குடத்தில் ஊற்றுவதை வெளியூர்க்காரர்கள் வியப்போடு பார்ப்பார்கள். உப்புக்கடலுக்குப் பத்தடி தள்ளி இனிப்பான தண்ணீர் கிடைப்பதற்குக் காரணம், மழைநீர் எடை குறைந்ததாகையால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான். கடல்மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே சுமார் நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மிக மெல்லிய செல்வம் அது. அதே மணலில்தான் நாம் செப்டிக் டேங்க் என்ற பெயரில், அடித்தளமே போடாமல் உறை இறக்கிய குழிகளை வீட்டுக்கு வீடு தோண்டி வைத்திருக்கிறோம். "எங்கள் டேங்க் இருபது வருஷமாக நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளை நான் அறிவேன். நிறையாத தொட்டி கசிகிற தொட்டி. அது போய்ச் சேர்வது அடுத்த வீட்டு ஊற்றில். திருச்சியிலிருந்து குழாய் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறதே என்பார்கள். வருகிறது, நன்றியோடு குடிக்கிறோம். அது வராத நாளில் மீண்டும் சிரட்டையைத்தான் தேடுகிறோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் எழுத வரவில்லை. நாட்டில் நிலையங்கள் கட்டப்படுகின்றன. அவை ஓடுகின்றனவா என்பதில்தான் குறை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். நிறுவப்பட்ட நிலையங்களின் திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235 மில்லியன் லிட்டர். கட்டி முடித்த திறனிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படாமல் நின்றது என்பதை இந்த எண்களே சொல்கின்றன. திறப்பு விழாவுக்குப் பின் நிலையத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. வீடுகளிலிருந்து இணைப்பு வராததால் பாதித் தொட்டிக்குக்கூடக் கழிவுநீர் வருவதில்லை; மின்கட்டணத்துக்கு அஞ்சிக் காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காற்றை நம்பிக் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள்தான் காற்றூட்டத் தொட்டிக்குள் இருப்பவை. இரவு முழுவதும் காற்று இல்லாமல் மூச்சுமுட்டக் கிடந்தவை காலையில் விசையைத் தட்டியதும் உடனே முழு அளவில் வேலை செய்யாது. அவை பழைய நிலைக்குத் திரும்பும்வரை, உள்ளே வந்த கழிவு சரியாகச் சுத்தமாகாமலே வெளியே போகும்.

வெளியே போகும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அளவு இருக்கிறது. மத்திய அரசின் 2017 அக்டோபர் அறிவிக்கை, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், மலக்கிருமிகளான கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி.யை 10 என்றும், கோலிஃபார்மை 230 என்றும் இறுக்கி, நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும்கூட வரம்பு வைத்தது. எங்கள் கண்மாய்க்கும் கடலுக்கும் வேண்டியது இந்த இரண்டாவது அளவுதான்.

ஆகவே, தங்கள் நாளிதழ் வாயிலாக மாவட்ட நிர்வாகத்தையும் உள்ளாட்சிப் பொறுப்பாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பாதாளச் சாக்கடை எல்லா ஊருக்கும் வரும்வரை லாரிதான் எங்கள் சாக்கடை என்பதை ஒப்புக்கொண்டு, அந்த லாரி சென்று கொட்டுவதற்கு எட்டும் தொலைவில் இடம் அமையுங்கள். இதற்குப் பெருநகரத்துப் பணம் தேவையில்லை; செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி போன்ற சிறிய ஊரிலேயே கசடுக்கென்று தனி நிலையம் 2017 முதல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் லாரிகள் கொட்டுவதற்கென வாயில் அமைத்து, அங்கே ஒப்படைத்த ஒவ்வொரு நடைக்கும் ரசீது கொடுத்து, ரசீதைக் காட்டிய பிறகே வீட்டுக்காரர் முழுப்பணம் கொடுப்பது என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தால், கருவேலங்காட்டுக்குள் லாரி போக வேண்டிய காரணமே இருக்காது. குழாயைப் பிடிக்கும் இளைஞருக்குக் கையுறையும் காலணியும் உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். கழிவுக்குழியில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ஒரு சோடிக் காலணியின் விலையை நினைத்துப் பாருங்கள்.

சுத்திகரித்த நீரைக் கண்மாயிலும் கடலிலும் விடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் அதை மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். எங்களுக்குத் தொழிற்சாலை குறைவு. ஆனால் மழையை நம்பியே நிற்கும் தென்னையும் சவுக்கும் தீவனப்புல்லும் இருக்கின்றன. கடலில் தொல்லையாகும் அதே நைட்ரஜனும் பாஸ்பரசும் தென்னந்தோப்பில் எருவாகும். பச்சையாக உண்ணும் காய்கறிக்கு மட்டும் அந்த நீரைப் பாய்ச்சக் கூடாது.

மதுரையிலும் மானாமதுரையிலும் பரமக்குடியிலும் உள்ள வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆற்றில் விடுவது உங்கள் ஊர் எல்லையைத் தாண்டியதும் மறைந்துவிடுவதில்லை. அது எங்கள் கண்மாய்க்கு வந்து, எங்கள் வயலிலும் வலையிலும் நிற்கிறது.

ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலிலும் நேற்றைய நீரின் பி.ஓ.டி., கோலிஃபார்ம் அளவுகளைத் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் இறுதிக் கோரிக்கை. பி.ஓ.டி. சோதனைக்கே சில நாள் ஆகுமே என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், அப்படியானால் அன்றைக்குக் கைக்கு வந்த முடிவை நாளிட்டு எழுதுங்கள். நியாயவிலைக்கடையில் இருப்பு எழுதும் பலகை அளவுக்குப் போதும்.

வரும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வைகைத் தண்ணீர் எங்கள் கண்மாய் மடையைத் தொடும் நாளில், பழைய மாணவிகள் சிலரோடு அந்த இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு போக இருக்கிறேன். அவர்களில் இருவர் இப்போது அறிவியல் ஆசிரியைகள். மருந்துகளுக்கான செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வாரம் ஒரு முறை எடுக்கும் அளவுகளை ஒரு பதிவேட்டில் எழுதி மாவட்ட நிர்வாகத்திடம் கொடுப்போம். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பமும், பொறுப்பான அலுவலர் ஒருவர் ஒரு நாளாவது மடைக்கு வந்து எங்களோடு நின்று பார்ப்பதும் மட்டுமே நாங்கள் கேட்பது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
இராமநாதபுரம் மாவட்டம்.